லிங்க்ஸ் திடல்களை எந்தக் காற்றில் வைத்து வரிசைப்படுத்துவது?

உலகின் சிறந்த கோல்ஃப் திடல்களின் பட்டியல் வெளிவரும் ஒவ்வொரு முறையும் லிங்க்ஸ் எனப்படும் கடற்கரை மணல் திடல்களின் விரும்பிகளிடையே அதே பழைய வழக்கு மீண்டும் எழுகிறது. வட அயர்லாந்தின் ராயல் கவுண்டி டவுன் முதலிடத்துக்கு உரியதா, ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸை அதற்குக் கீழே வைப்பது தகுமா, அதே நாட்டின் மியூர்ஃபீல்டுக்கு உள்ள மதிப்பு அதன் மண்ணுக்கு உரியதா அல்லது அங்கே பட்டம் வென்றவர்களின் பெயர்களுக்கு உரியதா என்று வாதம் நீளும். இந்த வழக்கில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. ஆனால் எந்தத் திடலுக்கு எந்த இடம் என்பதற்கு முன்பாக, அளக்கும் கோலையே சற்று வாங்கிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்று புழக்கத்தில் இருக்கும் அளவுகோல்களில் பெரும்பாலானவை மரங்களும் ஏரிகளும் சூழ்ந்த உள்நாட்டுத் திடல்களை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றை அப்படியே கொண்டுபோய்க் கடற்கரை மணலில் ஊன்றினால் பிழையான அளவுதான் கிடைக்கும்.

லிங்க்ஸ் என்பது கடலுக்கும் உழவு நிலத்துக்கும் இடையில், விதைத்தால் விளையாது என்று விடப்பட்ட மணல் மேட்டு நிலம். மழை பெய்த வேகத்தில் நீர் உள்ளே இறங்கிவிடும். மேலே ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய புல் மட்டும் பிடித்திருக்கும். தரை இறுகிக் கிடப்பதால் விழுந்த பந்து நிற்காமல் ஓடும். காற்றைத் தடுக்க மரம் கிடையாது. கறாரான வரையறையின்படி எண்ணினால், உலகில் உள்ள பல்லாயிரம் கோல்ஃப் திடல்களில் உண்மையான லிங்க்ஸ் 250 அளவில்தான் தேறும். இந்த நிலத்தில் ஆட்டத்தை நடத்துபவை ஓடும் பந்தும் வீசும் காற்றும் ஆகிய இரண்டுதான். இவ்விரண்டையும் நேரடியாக அளக்காத ஒரு மதிப்பீடு லிங்க்ஸைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

காற்றிலிருந்தே தொடங்குகிறேன். பிரிட்டனின் முதன்மை கோல்ஃப் போட்டியான ஓப்பனில், 2010இல் ஓல்ட் கோர்ஸில் ரோரி மெக்கில்ராய் முதல் நாள் பந்தை 63 முறை அடித்துச் சுற்றை முடித்தார். மறுநாள் காற்று எழுந்தபோது அவருக்கு 80 அடிகள் தேவைப்பட்டன. 2002இல் மியூர்ஃபீல்டில் சனிக்கிழமை புயல் வந்த வேளையில் களத்தில் இருந்த டைகர் உட்ஸ் 81 அடித்தார். 2015இல் ஓல்ட் கோர்ஸ் கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரைகளில், வைத்த பந்து வைத்த இடத்தில் நிற்காமல் உருண்டதால் ஆட்டமே பல மணி நேரம் நிறுத்தப்பட்டு, போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. 2022இல் அதே திடலில் கேமரூன் ஸ்மித் பாருக்கு, அதாவது திடலுக்கு வகுத்த அடிக்கணக்குக்கு, 20 அடிகள் குறைவாக ஆடிப் பட்டம் வென்றார். இவற்றில் எந்த நாளின் ஓல்ட் கோர்ஸுக்கு மதிப்பெண் போடுவது? ஒரே ஒரு முறை வந்து, ஒரே ஒரு காற்றில் ஆடி, அன்று மாலையே எண்களை நிரப்பி அனுப்பிவிடும் மதிப்பீட்டாளர் திடலுக்கு மதிப்பெண் கொடுப்பதில்லை. அந்த நாளுக்குக் கொடுக்கிறார்.

இதை நான் உணர்ந்தது ஓல்ட் கோர்ஸின் 11ஆவது ஹோலில். தூரம் சுமார் 170 கெஜம், பார் 3. முன்னால் ஸ்ட்ராத் என்னும் ஆழமான பங்கர் (மணற்குழி), இடப்புறம் ஹில் பங்கர், கிரீனோ பின்புறம் உயர்ந்து முன்புறமாகச் சரிவது. முதல் நாள் காற்று பின்னாலிருந்து தள்ள, குறுந்தூர மட்டையான 9ஆம் எண் அயர்னால் அடித்த பந்து கிரீனைக் கடந்து ஓடிப்போயிற்று. இரண்டு நாள் கழித்து எதிர்க்காற்றில் நெடுந்தூர மட்டையான 3ஆம் எண் உட்டால் தாழ்வாக அடித்தும் பந்து ஸ்ட்ராத்துக்கு முன்பே விழுந்தது. தள்ளி விழுந்ததை அப்போது பாக்கியமாகவே எடுத்துக்கொண்டேன். ஒரே ஹோல் எனக்கு இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் கேட்டது என்பதும், இரண்டுமே நல்ல கேள்விகள் என்பதும்தான் அந்தத் திடலின் மேன்மை. முதல் நாளோடு திரும்பியிருந்தால், அதை எளிய ஹோல் என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

இதில் பலர் கவனிக்காத ஒரு சாய்வும் இருக்கிறது. மியூர்ஃபீல்டின் முதல் 9 ஹோல்கள் வெளிவட்டமாகக் கடிகாரச் சுற்றிலும், அடுத்த 9 அதற்குள்ளே எதிர்ச்சுற்றிலும் செல்கின்றன. ஆகவே ஒரே சுற்றில் காற்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்டக்காரரைத் தொட்டுவிடும். ஓல்ட் கோர்ஸும் ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக்கும் பெரும்பாலும் நேராகச் சென்று நேராகத் திரும்பும் பழைய அமைப்பு. ஒரு நாள் விருந்தாளிக்குப் பாதித் தொலைவு பின்காற்று, மீதித் தொலைவு எதிர்க்காற்று, அவ்வளவுதான். மியூர்ஃபீல்டு தன் பன்முகத்தை ஒரே நாளில் காட்டிவிடுகிறது. மற்ற இரண்டும் காட்டுவதற்கு ஒரு வாரம் கேட்கின்றன. ஒரு முறை வந்து போகிறவர்களின் வாக்குகளால் ஆகும் பட்டியலில் மியூர்ஃபீல்டு போன்ற திடலுக்கு இயல்பாகவே ஒரு கை கூடுதல் கிடைக்கும் என்பது என் சந்தேகம். மியூர்ஃபீல்டைக் குறைத்துச் சொல்வதாக இதைக் கொள்ள வேண்டாம். அந்தச் சுற்றமைப்பு மிகப் பெரிய சிந்தனை. தேர்வுமுறைதான் ஒரு வகை மாணவருக்கு மட்டும் வசதியாக அமைந்திருக்கிறது.

அடுத்து, கடினம் என்னும் அளவுகோல். கோல்ஃப் டைஜஸ்ட் இதழ் 1966இல் அமெரிக்காவுக்காக வெளியிட்ட முதல் பட்டியலே மிகக் கடினமான 200 திடல்களின் பட்டியல்தான். பிற்காலத்தில் அளவுகோல்கள் பெருகின, மகிழ்ச்சிக்குக்கூட மதிப்பெண் வந்தது. ஆனாலும், திறமையான ஆட்டக்காரர் ஹோலைத் தொடங்கும் மிகத் தொலைவான இடமாகிய பின் டீ மேடையிலிருந்து ஆடும்போது எவ்வளவு திணறுகிறார் என்ற கேள்வி இன்னும் போகவில்லை. 1999 ஓப்பனில் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் பால் லாரி பாருக்கு 6 அடிகள் மேலே நின்று, சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் வென்றார். ஃபேர்வே என்னும் வெட்டிய புல்பாதைகளைக் குறுக்கி, ரஃப் என்னும் ஓரத்துப் புல்லை உயரமாக வளர்த்ததும் காற்றும் சேர்ந்து செய்த வேலை அது. கார்னூஸ்டி உயர்ந்த திடல் என்பதில் ஐயமில்லை. அதன் உயர்வுக்கு அந்த வாரத்தைச் சான்றாகக் கொண்டுவருவதைத்தான் ஏற்க முடியவில்லை. புல்லை வளர்த்தால் எந்தத் திடலையும் கடினமாக்கலாம்.

என் பார்வையில் சரியான கேள்வி இதுதான்: வல்லவரும் புதியவரும் ஒரே ஹோலில், ஒரே காற்றில் நின்றுகொண்டு, தத்தம் அளவில் யோசிக்க வேண்டிய நிலை அங்கே இருக்கிறதா? ஓல்ட் கோர்ஸின் 14ஆவது ஹோலில் ஹெல் பங்கரைத் தாண்ட முடியாதவர் இடப்புறம் 5ஆவது ஹோலின் அகன்ற வெளிக்குப் பந்தை அனுப்பிச் சுற்றிக்கொண்டு போகலாம். ஒரு அடி கூடும், பந்து தொலையாது. நார்த் பெர்விக்கின் 15ஆவது ஹோலான ரெடான் வலமிருந்து இடமாகவும் முன்னிருந்து பின்னாகவும் சரியும் கிரீன். கொடியை நேராக உயரத்தில் தாக்குபவரைவிட, வலப்பக்கத்துத் தோளில் பந்தை இறக்கி உருளவிடுபவருக்கே அது வழிவிடும். திடல் வடிவமைப்பாளர் சார்லஸ் மெக்டொனால்டு அதன் அமைப்பை அமெரிக்காவின் நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸுக்குக் கொண்டுசென்ற பிறகு, உலகில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஹோல்களில் ஒன்றாக அது ஆயிற்று. பந்து பறக்கும் தூரம் குறைந்தவருக்கும் தரை உதவி செய்யும் இத்தகைய இடங்களைத் தேடித் தேடி மதிப்பெண் போட வேண்டும்.

நியாயம் என்ற சொல்லை மதிப்பீட்டாளர்கள் கையாளும் விதத்தோடு எனக்கு நெடுநாள் பிணக்கு உண்டு. கிரீன் கண்ணுக்குத் தெரியாமல் மேட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தால் அது நியாயமற்றது என்று குறைத்துவிடுகிறார்கள். அயர்லாந்தின் லாஹிஞ்சில் டெல் என்ற பார் 3 ஹோல் இரு மணற்குன்றுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. டீ மேடையிலிருந்து தெரிவது குன்றின் மேல் இருக்கும் ஒரு வெள்ளைக் கல் மட்டும். கொடி இடம் மாறும்போது அந்தக் கல்லையும் இடம் மாற்றி வைப்பார்கள். அடித்துவிட்டு, என்ன ஆயிற்றோ என்ற பதைப்போடு குன்றைச் சுற்றி நடப்பதுதான் அந்த ஹோலின் இன்பம். ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில் உள்ள ஆல்ப்ஸ் ஹோலும் அதே வகை. மறைந்த இடம் முதல் நாளில் மட்டுமே மறைந்த இடம். மறுமுறை வருபவரின் மனத்தில் அது தெளிவாகத் தெரியும். முதல் நாள் விருந்தாளியையே நீதிபதியாக உட்கார்த்திவிட்டு, அவருக்குப் புரியாததை எல்லாம் திடலின் குற்றமாக எழுதுவது முறையா? அதற்காக மறைந்த அடிகள் அனைத்தையும் நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. லாஹிஞ்சிலேயே டெல்லுக்கு முந்தைய கிளாண்டைக் ஹோலில் மேட்டுக்கு அப்பால் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துச் சைகை காட்ட ஒருவர் தேவைப்படுகிறார். அதை அன்போடு பொறுத்துக்கொள்ளலாமே தவிர, புகழ வேண்டியதில்லை.

ஓப்பன் போட்டி நடத்திய பெருமையை மதிப்பெண்ணில் சேர்க்கக் கூடாது. 1860இல் முதல் ஓப்பனை நடத்திய பிரெஸ்ட்விக் மொத்தம் 24 முறை நடத்திவிட்டு, 1925இல் கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போனதோடு அந்த வரிசையிலிருந்து விலகியது. மண் கெட்டுப்போகவில்லை, இடம் போதவில்லை. ஸ்காட்லாந்தின் வடக்கே ஒதுங்கியிருக்கும் ராயல் டோர்னாக் ஒரு முறைகூட நடத்தியதில்லை. வாகனம் நிறுத்துமிடமும் பார்வையாளர் மேடையும் விடுதி அறைகளும் தீர்மானிக்கும் ஒரு விஷயத்தை நிலத்தின் தரமாக எண்ணுவதில் பொருளில்லை. 2019 ஓப்பனுக்காக வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் தன் கடைசி இரண்டு ஹோல்களின் நிலத்தைப் போட்டி வசதிகளுக்கு விட்டுக்கொடுத்து, மணல்மேடுகளுக்குள் இரண்டு புதிய ஹோல்களை அமைத்தது. அவை நன்றாக அமைந்தன என்பது வேறு கதை.

பராமரிப்பைப் பற்றி ஒரே வரி: வெயில் காலத்தில் பழுப்பேறிக் கிடக்கும் லிங்க்ஸைப் பார்த்து முகம் சுளிப்பவர் மதிப்பீட்டுக் குழுவில் இருக்கக் கூடாது. காட்சியழகு எனக்கும் பிடிக்கும். ராயல் கவுண்டி டவுனில் மோர்ன் மலைகள் கடலை நோக்கி இறங்குவதைப் பார்த்துவிட்டு மனம் இளகாதவர் யார்? ஆயினும் புகைப்படத்தில் வரும் மலை பந்தைத் திருப்பிவிடுவதில்லை.

லிங்க்ஸ் பட்டியலில் எவற்றைச் சேர்ப்பது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். பெபிள் பீச் தன் பெயரிலேயே லிங்க்ஸைத் தாங்கியிருந்தாலும் அது பாறை விளிம்பில் உள்ள திடல். விஸ்கான்சினின் விசிலிங் ஸ்ட்ரெயிட்ஸ் ஏரிக்கரையில் மண்ணைக் கொட்டி வடிவமைப்பாளர் பீட் டை வடித்த அரிய கற்பனை. ஸ்காட்லாந்துச் செம்மறிகளைக்கூட அங்கே மேயவிட்டிருக்கிறார்கள். செம்மறி மேய்ந்தால் மட்டும் லிங்க்ஸ் ஆகிவிடாது. அதே நேரத்தில், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இல்லை என்ற காரணத்துக்காக எதையும் ஒதுக்குவதும் சரியில்லை. டாஸ்மேனியாவின் பார்ன்பூகல் டியூன்ஸில் மணலும் புல்லும் காற்றும் உண்மையானவை. ஓரிகனின் பசிபிக் டியூன்ஸில் சில ஹோல்கள் கடற்பாறைக்கு மேலே உயர்ந்து நிற்பதால் சுத்தவாதிகள் மறுப்பார்கள். ஆனால் தரையில் பந்து ஓடும் விதத்தைப் பார்த்தால் சேர்க்கலாம் என்பது என் முடிவு.

நில இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்ற கட்சியை முன்பு நான் ஏற்கவில்லை, இப்போது ஏற்கிறேன். அபெர்டீன்ஷயரில் டிரம்ப் நிறுவனத்தின் திடல் 2012இல் திறக்கப்பட்டது. அங்கிருந்த ஃபோவரன் மணல்மேடுகள் காற்றில் இடம்பெயரும் தன்மைக்காகவே அறிவியல் சிறப்பிடமாகப் பாதுகாக்கப்பட்டிருந்தவை. அந்தத் தன்மை போய்விட்டதால் 2020இல் தகுதி நீக்கப்பட்டது. நகரும் மணலை நிலைநிறுத்திவிட்டுச் செய்த திடலை, ஆட்டின் பல்லும் காற்றின் கையும் செதுக்கிய பழைய திடலோடு ஒரே தட்டில் நிறுத்துவது எனக்கு உறுத்துகிறது.

ஒன்று முதல் நூறு வரை எண் போடுவதை விட்டுவிட்டு, நான்கைந்து அடுக்குகளாகப் பிரித்தால் போதும் என்பது என் யோசனை. ஒருவர் ஒரு திடலை இரண்டு வெவ்வேறு காற்றுகளிலாவது ஆடியிருந்தால்தான் அவருடைய வாக்கை எண்ண வேண்டும். இயலாதவர், ஒவ்வொரு ஹோலையும் காற்று நேர்மாறாகத் திரும்பினால் எப்படி ஆடுவேன் என்று எழுதித் தரட்டும். இந்தக் கோலால் நான் அளந்தால் மேல் அடுக்கில் ஓல்ட் கோர்ஸ், ராயல் டோர்னாக், நார்த் பெர்விக், ராயல் கவுண்டி டவுன் நான்கும் வரும். நார்த் பெர்விக்கைப் பார்த்துச் சிரிப்பவர்கள், தாழ்ந்த கற்சுவருக்குப் பின்னால் கிரீன் பதுங்கியிருக்கும் 13ஆவது ஹோலை எதிர்க்காற்றில் ஒரு முறை ஆடிவிட்டு வந்து பேசட்டும். மியூர்ஃபீல்டு அதற்கு அடுத்த அடுக்கின் தலையில். ராயல் கவுண்டி டவுனின் இடம் பற்றித்தான் எனக்கு முழு உறுதி இல்லை: மஞ்சள் பூத்த முட்புதர்களுக்குள் பந்தைத் தொலைத்துவிட்டு நிற்கும் புதியவருக்குச் சுற்றிப் போக வழி இருக்கிறதா என்று நானே மேலே கேட்ட கேள்விக்கு, அந்தத் திடலின் சில ஹோல்களில் இல்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே இதுவரை ஒரு காற்றில்தான் ஆடியிருக்கிறேன்; என் விதிப்படி என் வாக்கும் செல்லாது.