நியூட்டன் தட்டில் வெள்ளை வராது
ஏழு வண்ணம் தீட்டிய வட்ட அட்டைதான் நியூட்டன் தட்டு; அதை வேகமாகச் சுழற்றினால் பளிச்சென்று வெள்ளை தெரியும் என்று சொல்வார்கள். வீட்டில் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வருவது மங்கிய சாம்பல், பல சமயம் லேசான பழுப்பு. நல்ல கலர் வாங்கிப் பூசினால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கலாம், ஆகாது. சிவப்புப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் சிவப்பை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மற்றதை விழுங்கிவிடும், மற்ற நிறங்களும் அப்படித்தான். வெள்ளைத்தாள் அனுப்பும் வெளிச்சத்தில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வந்து சேர்கிறது, அதனால்தான் சாம்பல். 1855-லேயே இயற்பியலாளர் மாக்ஸ்வெல் தன் சுழலும் வண்ணத் தட்டின் நடுவில் கறுப்பும் வெள்ளையும் கலந்த சின்னத் தட்டை வைத்து, வண்ணக் கலவையைச் சாம்பலோடுதான் ஒப்பிட்டுப் பார்த்தார். என் மகள் வகுப்பில் பிள்ளைகள் சாம்பலைப் பார்த்துக்கொண்டே நோட்டில் 'வெள்ளை' என்று எழுதினார்கள், மார்க் வேண்டுமே! வெள்ளையைக் காட்ட மூன்று டார்ச்சில் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித்தாள் கட்டி, சற்றுத் தள்ளித் தள்ளிப் பிடித்து, இருட்டறைச் சுவரில் ஒரே இடத்தில் அடியுங்கள். நீலத்தாள் வெளிச்சத்தை நிறையத் தின்னும், அந்த டார்ச்சை மட்டும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோக வேண்டும். குறுக்கே விரலை நீட்டினால் மஞ்சள், மெஜந்தா (சிவப்பும் நீலமும் கலந்தது), சயான் (பச்சையும் நீலமும் கலந்தது) என்று நிழலே கலர் கலராக விழும். அப்புறம் பிள்ளைகளிடமிருந்து டார்ச்சைப் பிடுங்குவது உங்கள் பாடு.