யாருமே நடிக்கவில்லையாம், வந்து நின்றார்களாம்

அந்தக் காணொளியை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். பேசியவர் யார், எந்தச் சேனல் என்று எழுதி அவருக்கு இன்னும் நாலு பார்வைகளைச் சேர்த்துக் கொடுக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. அவர் சொன்ன ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இந்தப் பதிவு. 2013இல் வந்த ஆள் கடத்தல் காமெடி சூது கவ்வும் முழுக்க முழுக்க எழுத்தால் ஓடிய படமாம். அதில் நடிப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லையாம். நாலு பசங்க வந்து நின்றார்களாம், வசனம் பார்த்துக்கொண்டதாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரும் தலையை ஆட்டினார். ஆட்டட்டும்.

வந்து நின்றார்களாம்!

சரி, சேகராக வரும் ரமேஷ் திலக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். அலாரம் அடிக்கிறது. எழுகிறார். குளிக்கிறார். சாமி கும்பிடுகிறார். பையன் ஏதோ நேர்முகத் தேர்வுக்குக் கிளம்புகிறான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அதே பயபக்தியோடு உட்கார்ந்து சரக்கை ஊற்றுகிறார். வேலை போனவனின் ஒரு நாள் இப்படித்தான் தொடங்குகிறது. இதில் வசனம் எங்கே வந்து பார்த்துக்கொண்டது? அந்த ஆள் ஒரே ஒரு தடவை, கண்ணோரத்தில், "பாத்தீங்களா எப்புடி" என்று நம் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். பார்க்கவில்லை. அந்தப் பார்க்காமல் இருப்பதுக்குப் பெயர்தான் ஐயா நடிப்பு.

குற்றமும் காமெடியும் கலந்த படத்தில் நடிகனுக்கு இருக்கும் முதல் வேலை, தான் காமெடிப் படத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாதவனாக இருப்பது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலிப்பாக இருந்தால் தள்ளிப் போய்விடுங்கள். கடத்தல் கும்பலின் தலைவன், விஜய் சேதுபதியின் தாஸ், ஆள் கடத்தலுக்கான விதிகளை எல்.ஐ.சி. முகவர் பாலிசி விளக்குகிற நிதானத்தில் விளக்குகிறார். அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் கை வைக்கக் கூடாது என்பதில் அவருக்கு உண்மையிலேயே கொள்கைப்பிடிப்பு இருக்கிறது. அந்தப் பிடிப்பை நாம் நம்புவதால்தான் சிரிக்கிறோம். அப்போது அவர் இருந்த இடத்தையும் யோசித்துப் பாருங்கள். பீட்சா 2012இல்தான் வந்திருந்தது. நாயகனாகக் காலூன்ற வேண்டிய நேரத்தில், நரைத்த தாடியும் தொப்பையுமாக, கண்ணுக்குத் தெரியாத காதலியோடு பேசிக்கொண்டிருக்கும் நடுவயது ஆளாக வந்தார்.

அந்தக் காதலி ஷாலு விஷயத்துக்கு வருகிறேன். சஞ்சிதா ஷெட்டி தாஸுக்கு மட்டும்தான் தெரிவார், நமக்கும் தெரிவார். கூட்டாளிகள் பகலவனுக்கும் கேசவனுக்கும் சேகருக்கும் அங்கே இருப்பது காலி இடம். அந்தக் காலி இடத்தைப் பார்க்கிற மூன்று முகங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பாபி சிம்ஹா ஒரு மாதிரி, அசோக் செல்வன் ஒரு மாதிரி, ரமேஷ் திலக் இன்னொரு மாதிரி. ஒருவர்கூடப் பக்கத்து ஆளின் முழியைக் கடன் வாங்கவில்லை. கிண்டலடிக்கலாமா, கேள்வி கேட்கலாமா, சோறு போடுகிற மனுஷனை எதுக்கு வம்புக்கு இழுப்பானேன் என்று மூன்று பேருக்கும் மூன்று கணக்கு ஓடுகிறது. எதிரே ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்து நடிக்கச் சொல்லுங்கள் அந்தக் காணொளிக்காரரை. வந்து நின்றுதான் பார்க்கட்டுமே.

எங்கள் பெரிய மாமா புதுக்கோட்டைப் பக்கத்தில், திருவிழாவில் விடிய விடிய நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் பபூன், அதாவது கோமாளி. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. வள்ளி திருமணத்தில் நாயகனான ராஜபார்ட் மேடை ஏறுவதற்குள் நடுச்சாமம் ஆகிவிடும். அதுவரைக்கும் கூட்டத்தைப் பாயைச் சுருட்ட விடாமல் பிடித்து வைப்பது பபூன் வேலை. மாமா மேடையில் ஆர்மோனியக்காரரோடு சம்பளத் தகராறு ஒன்று போடுவார். ஒரு ஊரில், முன்வரிசையில் இருந்த கிழவி ஒருத்தி நிஜச் சண்டை என்று நம்பி, எழுந்து மேடைக்கே வந்து, "விடுப்பா, சாமி காரியத்துல காசுக்கா அடிச்சுக்கிறது" என்று மடியை அவிழ்த்துச் சில்லறையை நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன். மாமா சிரிக்கவில்லை. வாங்கி எண்ணிப் பார்த்து, ஆர்மோனியக்காரரிடம் காட்டி, "இந்தாத்தாவுக்கு இருக்கிற அறிவு உனக்கு இருக்காய்யா" என்று சண்டையைத் தொடர்ந்தார். கூட்டம் உருண்டது.

அதே ஊரில் விடிந்த பிறகு ராஜபார்ட்டுக்குப் பொன்னாடை, ஸ்திரீபார்ட்டுக்குப் பொன்னாடை, ஆர்மோனியத்துக்குக்கூடப் பொன்னாடை. மாமாவுக்கு ஒரு துண்டு. விழாக் கமிட்டியில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவனுக்கென்ன, நடிக்கவா செஞ்சான்? ஆளே அப்படித்தான்." மாமா வீட்டில் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். சிடுமூஞ்சி என்று அத்தை எங்கள் காதுபடவே சொல்வார். ஆளே அப்படித்தானாம்.

காணொளியைப் பார்த்ததும் எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரிந்திருக்கும். புரியாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்து வரப்போகும் கருத்துகள் எனக்குத் தெரியும். "படத்தை எழுதி இயக்கிய நலன் குமாரசாமியின் எழுத்தை மட்டம் தட்டுகிறாயா?" இல்லை. நாளைய இயக்குநர் டிவி போட்டியில் குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவர் முதல் படத்திலேயே, நேர்மையான அமைச்சர் தோற்று, தன்னைக் கடத்தியவர்களிடமே பங்கு கேட்கிற மகன் அந்த நாற்காலிக்குப் போகிற கதையை எழுதினார். பாரதியின் வரியில் பாதியை மட்டும் எடுத்துத் தலைப்பாக வைத்துவிட்டு, தருமம் மறுபடி வெல்கிற மீதியைப் படத்திலும் தரவில்லை. எழுத்து பெரிய எழுத்துதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அந்த மகன் அருமைப்பிரகாசமாகக் கருணாகரனைத் தவிர வேறு யாரையாவது வைத்துப் பாருங்கள். பால் வடிகிற அந்த முகத்தை வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறாரே, அதைத் தாளில் எப்படி எழுதுவது?

எம்.எஸ். பாஸ்கரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அன்றைக்கு வீட்டுக்கு வீடு அவரை டிவி சீரியல் 'பட்டாபி' என்றுதான் தெரியும். அந்த நேர்மையான அமைச்சர் ஞானோதயம் பாத்திரத்தில் பட்டாபியை ஒரு நொடிகூட எட்டிப் பார்க்க விடவில்லை. நேர்மையைக் கேலிப்பொருளாக்காமல், நேர்மையாகவே செய்தார். அதனால்தான் பெற்ற மகனே அவரை ஏமாற்றும்போது சிரிப்பும் வருகிறது, ஒரு மாதிரி கூச்சமாகவும் இருக்கிறது. போலீஸ் இன்ஸ்பெக்டராக வரும் யோக் ஜேபியோ இன்னொரு கோடி. அவர் மட்டும் ஏதோ ரத்தக்களரியான போலீஸ் படத்தில் நடிப்பதாக நம்பிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த உறுமல் முகத்தைக் கடைசிவரை தூக்கிச் சுமந்ததால்தான், அவருடைய துப்பாக்கியே அவரைப் பதம் பார்க்கும்போது தியேட்டர் அதிர்ந்தது.

"பாபி சிம்ஹாவுக்குத்தான் தேசிய விருதே கொடுத்தார்களே" என்பார் ஒருவர். கொடுத்தார்கள், அடுத்த வருடம் வந்த ஜிகர்தண்டாவுக்கு. அதில் அவர் மிரட்டினார். மிரட்டினால் விருது உண்டு, அழுதால் உண்டு. நயன்தாராவுக்குக் கோயில் கட்டி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட பகலவனாக, கொஞ்சமும் வெட்கமில்லாமல், உண்மையான பக்தனாக நின்றதற்கு எதுவும் கிடையாது.

நாகேஷுக்கே இதுதான் நடந்தது, அப்புறம் என்ன? எத்தனை வருடம் நம்மைச் சிரிக்க வைத்த மனிதர். தேசிய விருது வந்தது நம்மவர் படத்துக்கு, மகளைப் பறிகொடுத்த அப்பாவாக நடித்ததற்கு. அந்த நடிப்பைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், அது வேறு. ஆனால் அதே 1994இல்தான் மகளிர் மட்டும் வந்தது. அதில் அவர் பிணம். வசனம் இல்லை, அசைவு இல்லை, கண் சிமிட்டக்கூட வழியில்லை. தூக்குகிறார்கள், சாய்க்கிறார்கள், உட்கார வைக்கிறார்கள், ஒவ்வொரு சாய்வுக்கும் தியேட்டர் சிரித்தது. அங்கேயும் வசனம்தான் பார்த்துக்கொண்டதா? நடுவர்கள் 'அவர் சும்மா படுத்திருந்தார்' என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

"நீ விஜய் சேதுபதி ரசிகன், அதான் கொதிக்கிறாய்" என்று ஒரு குரூப் வரும். அவருடைய சமீபத்திய படங்கள் சிலவற்றைப் பற்றி நான் இதே பக்கத்தில் எழுதியதைத் தேடிப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன். எழுத்தும் ஐடியாவும்தான் எல்லாம் என்றால் 2024இல் இரண்டாம் பாகம் வந்ததே, பெயர் அதே, கடத்தல் அதே, கருணாகரனும் பாஸ்கரும்கூட இருந்தார்கள். ஏன் ஒருவர் வாயிலும் அது நிற்கவில்லை? இயக்குநர் வேறு, எழுத்து வேறு என்பீர்கள். சரி, சரி, தெரியும். ஆனாலும் கேட்பேன். அந்த நாலு பேரும் ஒரே வேனுக்குள் அடைந்துகொண்டு ஒருவர் மூச்சை ஒருவர் விட்டது எந்த எழுத்திலிருந்தும் திரும்ப வராது.

இன்னும் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். பெரிய நடிகர் ஒருவர் உடம்பை இருபது கிலோ ஏற்றி இறக்கினால் அதைப் பற்றி ஒரு வாரம் விவாதம். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கினால் அதற்கு ஒரு க்ளோஸப், அதற்கு ஒரு கட்டுரை. சின்னப் படத்தில் சம்பளம் சரியாக வந்ததோ இல்லையோ என்ற நிலைமையில் நாலு பையன்கள் முகத்தை இம்மி பிசகாமல் வைத்துக்கொண்டால் 'வந்து நின்றார்கள்'. இதைச் சொல்கிறவர் அதே படத்தின் காட்சிகளை மீமாகப் போட்டு வருடக்கணக்கில் லைக் வாங்கியவர். அந்த மீம்களில் இருந்தது எழுத்தா சார்? முகம்தானே?

எழுதிக்கொண்டிருக்கும்போதே நண்பர் ஒருவர் இன்பாக்ஸில் வந்து, "விடு தோழர், ஒரு காமெடிப் படத்துக்கா இவ்வளவு டென்ஷன்?" என்கிறார். ஆமாம் தோழர், ஒரு காமெடிப் படத்துக்குத்தான். நீங்களும் அந்தக் கமிட்டியில் இருந்தீர்களா?