ஆயிரத்து நானூறு ரூபாய் மிச்சம் பிடித்த கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என் மேலும் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல வெளியாள் யாரும் வேண்டாம், வீட்டிலேயே ஒருவர் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மகளுக்குப் பத்து வயது. மூன்று வருடமாக வயலின் கற்கிறாள். அரை சைஸ் வயலின் கைக்குச் சின்னதாகிவிட்டது, முக்கால் சைஸுக்கு மாறுங்கள் என்று டீச்சர் சொன்னார். நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கம். வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்வருகிற தூரத்தில் எனக்குத் தெரிந்து ஒரே ஒரு இசைக்கருவிக் கடை. அந்தக் கடைக்காரரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், அதனால் பெயரும் தெருவும் வேண்டாம்.

மதியம் ஒன்றரைக்கு அவர் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார், நாலரைக்குத்தான் தூக்குவார். வேலைக்குப் போகிற நான் என்றைக்குத்தான் அந்தக் கடைக்குப் போவது? ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். "முக்காலா? இருந்துச்சு. இப்ப இல்ல. அடுத்த வாரம் வாங்க." அடுத்த வாரம் போனேன். ஒன்றே ஒன்று வந்திருந்தது. விலை என்ன என்று கேட்டால் விலையைச் சொல்ல வேண்டுமா இல்லையா? "பொண்ணு யார்கிட்ட கத்துக்குது?" என்கிறார். அது தெரிந்து விலை மாறுமா? சொன்னேன். 6,600 என்றார். பில் கொடுப்பீர்களா என்றேன். "பில் போட்டா வேற ரேட்டு." எனக்கு அங்கேயே பாதி கொதித்துவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றையும் எழுதத்தான் வேண்டும். அந்த மனிதர் வயலினை எடுத்து நாலு தந்திக்கும் சுருதி சேர்த்தார். கூட வந்திருந்த மகளுடைய இடது கையை நீட்டச் சொல்லி, வயலினின் தலை உள்ளங்கைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தார். அப்புறம் தரையில் ஒரு பேப்பரை விரித்து அவளைச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னார். மேற்கத்திய முறையில் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ வாசிப்பார்கள், நம் பிள்ளைகள் வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு வாசிக்க வேண்டும் இல்லையா, அந்த வாட்டம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்காக. இருபது நிமிடம் ஆனது. முகத்தில் சிரிப்பு மட்டும் வரவில்லை. நான் "யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினேன். அதே கம்பெனி, அதே சைஸ், ஆன்லைனில் 5,200. ஆட்டோ அம்மா மண்டபம் ரோட்டுக்குள் திரும்புவதற்குள் ஆர்டர் போட்டுவிட்டேன்.

ஆமாம், அவருடைய இருபது நிமிடத்தை ஓசியில் வாங்கிக்கொண்டு வந்து வேறு ஆளிடம் காசைக் கொடுத்தேன். தெரிந்துதான் செய்தேன். 1,400 ரூபாய் எனக்குச் சின்னக் காசில்லை.

நாலாம் நாள் பெட்டி வந்தது. திறந்தால் பிரிட்ஜ், அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கிற சின்னப் பலகை, படுத்துக்கிடக்கிறது, தந்தியெல்லாம் தளர்ந்து தொங்குகிறது, வயலினைத் தூக்கினால் உள்ளே ஏதோ கடகடவென்று உருளுகிறது. உடைந்த மரத்துண்டு என்றுதான் நினைத்தேன். அது சவுண்ட் போஸ்ட்டாம். வயலினின் மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவில் பிரிட்ஜின் ஒரு காலை ஒட்டினாற்போல் நிற்கிற சின்னக் குச்சி. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் அதற்கு 'ஆன்மா' என்றே பெயர். பசை கிடையாது, ஆணி கிடையாது, இறுக்கத்தில்தான் நிற்கும். பிரிட்ஜும் அப்படித்தான், தந்தியின் இழுப்பில் நிற்கிறதே தவிர ஒட்டப்பட்டது இல்லை. அனுப்பும்போது எல்லாத் தந்தியையும் தளர்த்திவிட்டு லாரியில் உருட்டிக்கொண்டு வந்தால் இரண்டுமே விழத்தான் செய்யும். இந்த விஷயமெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் அதற்குள் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டு பிரிட்ஜை நிமிர்த்தித் தந்தியை முறுக்க ஆரம்பித்திருந்தார். உள்ளே சவுண்ட் போஸ்ட் இல்லாமல் முறுக்கினால் மேல் பலகையே அமுங்கி விரிசல் விடலாம் என்று அதே வீடியோவில் ஏழாவது நிமிடத்தில் சொல்கிறான். அதை முதல் நிமிடத்தில் சொல்ல என்ன கேடு?

மறுபடி போய் ரிவ்யூக்களைப் படித்தேன். வாங்கும் முன்னாலேயே படித்திருக்க வேண்டும், சரி. "டெலிவரி பாஸ்ட், பேக்கிங் சூப்பர், இன்னும் திறந்து பார்க்கவில்லை." ஐந்து நட்சத்திரம்! திறந்தே பார்க்காத அட்டைப்பெட்டிக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்த அந்தப் புண்ணியவானை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும். இன்னொருவர், "பையனுக்குப் பிறந்தநாள் பரிசு, கலர் நன்றாக இருக்கிறது." கலரை வைத்துக்கொண்டு மோகன ராகமா வாசிப்பான்?

ஆன்லைன் கம்பெனியிடம் புகார் கொடுத்தேன். 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் வந்து சேர்ந்தது என்று அவர்கள் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதல் பாதியை 48 நொடியிலேயே முடித்துவிட்டார்கள், ஏனென்றால் பேசியது மனிதனே இல்லை. "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது." உனக்கு என்ன புரியும்? சவுண்ட் போஸ்ட் விழுந்துவிட்டது என்று எழுதினால், ஸ்பீக்கர் வேலை செய்யவில்லையா என்று திருப்பிக் கேட்கிறது. கடைசியில் ஒரு ஆள் லைனில் வந்து, பணம் திரும்பத் தர முடியாது, வேறு வயலின்தான் மாற்றித் தருவோம், அதுகூட விற்பவர் ஒத்துக்கொண்டால்தான், நாங்கள் வெறும் சந்தைதான் மேடம் என்கிறார்.

இந்த 'வெறும் சந்தை' எனக்கு நன்றாகவே எரிகிறது. வெளிநாட்டு முதலீடு உள்ள ஆன்லைன் நிறுவனங்கள் தாங்களே சரக்கு வைத்து விற்கக்கூடாது, சந்தையாக மட்டும்தான் இருக்கலாம் என்பது விதி. அந்த விதியை 2018 டிசம்பரில் இன்னும் இறுக்கி, 2019 பிப்ரவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். சின்னக் கடைகளைக் காப்பாற்றத்தான் இதெல்லாம். காப்பாற்றியதா தெரியவில்லை. ஆனால் வாங்கியவள் ஏதாவது கேட்டால் "நான் விற்கவே இல்லையே" என்று கையை விரிக்க நல்ல வசதியாகிவிட்டது.

இரண்டாவது வயலின் வந்தது. இதில் சவுண்ட் போஸ்ட் நின்றது, கும்பிடு போட்டுக்கொண்டேன். ஆனால் பிரிட்ஜைச் செதுக்கவே இல்லை, அச்சில் வார்த்த பலகை மாதிரி இருக்கிறது. பிரிட்ஜின் காலை அந்தந்த வயலினின் வளைவுக்கு ஏற்ப இழைக்க வேண்டும், ஒன்றாம் தந்திப் பக்கம் கொஞ்சம் தணிந்தும் நாலாம் தந்திப் பக்கம் உயர்ந்தும் வர வேண்டும். இங்கே தந்தி அவ்வளவு உயரத்தில் நிற்கிறது, பிள்ளை விரலை வைத்து அழுத்தினால் நுனி சிவந்துபோகிறது. தந்தியை இறுக்குகிற முறுக்காணி நிற்கவே மாட்டேன் என்கிறது. டீச்சர் நாலு தந்தியையும் ச-ப-ச-ப என்று சேர்த்து வைத்தால் ஒரு வர்ணம் வாசித்து முடிப்பதற்குள் சுருதி இறங்கிவிடுகிறது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க வாங்கினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சரி, கடைக்கே போவோம், காசு கொடுத்தால் செய்யமாட்டாரா என்று தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் புதிதாக ஒரு போர்டு. சிவப்பு எழுத்தில், 'ஆன்லைனில் வாங்கிய கருவிகளுக்கு இங்கே சர்வீஸ் கிடையாது.' நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போர்டுக்கு நேர் கீழே நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "யோசிச்சுட்டு வர்றேன்னு போனீங்க."

நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. அதைவிடக் கோபம் வந்தது. காசு கொடுக்கிறேன் என்று வருகிற ஆளைத் துரத்துகிற கடை உருப்படுமா? அதை அப்படியே கேட்டும்விட்டேன், கொஞ்சம் மரியாதையான வார்த்தையில். அவர் சொன்னது: "எனக்கு வர்ற விலைக்கே அங்க விக்கிறான்மா. நான் என்னத்த தின்றது?" அப்புறம் வயலினைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, பிரிட்ஜ் மாற்றிச் செதுக்க, முறுக்காணி இழைக்க, நல்ல தந்தி போட எல்லாம் சேர்த்து 1,800 என்றார். இங்கே வாங்கியிருந்தால்? "இங்க வாங்குனா அதெல்லாம் செஞ்சுதானம்மா குடுப்போம். ஒரு வருஷத்துக்கு எப்ப வேணா கொண்டாந்து சரிபண்ணிக்கலாம், காசு கிடையாது."

நிற்கட்டும். இங்கேதான் எனக்குத் தலையே வெடிக்கிறது.

இதை ஏன் ஐயா முதல் நாளே சொல்லவில்லை? 6,600 என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, அதற்குள் பிரிட்ஜ் செதுக்குவது இருக்கிறது, தந்தி இருக்கிறது, ஒரு வருடச் சர்வீஸ் இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்? என் கணக்கில் நீங்கள் விற்றதும் அவன் விற்றதும் ஒரே பொருள், உங்களிடம் 1,400 கூடுதல், அவ்வளவுதான். உங்கள் கையில் இருக்கிற வேலைதான் நீங்கள் விற்கிற நிஜமான சரக்கு, அதை மறைத்து வைத்துக்கொண்டு மரப்பெட்டியை மட்டும் காட்டினால் நான் மரப்பெட்டியின் விலையைத்தான் ஒப்பிட்டுப் பார்ப்பேன். அந்தப் பக்கம் ஒருத்தன் இல்லாததையெல்லாம் நட்சத்திரம் போட்டு, 'தொடக்கநிலை மாணவர்களுக்கு ஏற்றது, உடனே வாசிக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் விற்கிறான். இந்தப் பக்கம் நீங்கள் இருப்பதைக்கூடச் சொல்லாமல், கோபத்தை மட்டும் சிவப்பு பெயிண்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். அந்த பெயிண்டர் காசுக்கு 'இங்கே வாங்கினால் ஒரு வருடம் இலவசச் சர்வீஸ்' என்று எழுதியிருந்தால் நான் ஏன் ஆட்டோவில் போனைத் திறக்கிறேன்?

இதில் உபதேசம் செய்ய இரண்டு கோஷ்டி வேறு. 'சின்னக் கடைகளை ஆதரிப்போம்' என்று வருடம் ஒருமுறை ஸ்டேட்டஸ் வைப்பவர்கள், மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில் மூன்று பார்சல் கிடக்கும். இன்னொரு கோஷ்டி 'காலம் மாறுதும்மா, மாறாதவன் போகத்தான் வேணும்' என்கிற பெரியப்பாக்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஃப்ளிப்கார்ட் 2012 பிப்ரவரியில் ஃப்ளைட் என்று எம்பி3 பாட்டு விற்கிற கடை ஒன்றைத் திறந்தது, 2013 ஜூனிலேயே மூடிவிட்டது. பெரியவர்களுக்கு ஒரு பிரிவு சரிப்படவில்லை என்றால் அடுத்த பிரிவு இருக்கிறது, அரிசி விற்பார்கள், செருப்பு விற்பார்கள். பிரிட்ஜ் செதுக்கத் தெரிந்த ஆள் கடையைச் சாத்தினால் என் பெண்ணின் வயலினை யாரிடம் கொண்டு போவது? பெரியப்பா செதுக்கித் தருவாரா?

சென்னையில் இருப்பவர்கள், அண்ணா சாலைக்குப் போங்களேன், மியூசி மியூசிக்கல் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, 1842இல் தொடங்கிய கடை. அதற்கு எட்டு வருடம் முன்னால், 1834இல், திருவிதாங்கூரின் சுவாதித் திருநாள் மகாராஜா, தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்குத் தந்தத்தில் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தாராம். வடிவேலுக்கு ரிட்டர்ன் பாலிசி பற்றிக் கவலை இருந்திருக்காது. ஒரு பிரிட்ஜுக்காக நான் திருச்சியிலிருந்து பல்லவன் ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போக முடியுமா?

1,800 கொடுத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் 400 ரூபாய் நஷ்டம், மூன்று வாரம் வகுப்பு கெட்டது, இரண்டு அரை நாள் லீவு. அவர் சரிசெய்து கொடுத்த வயலின் எப்படி என்று கேட்டால், பொறாமையாகத்தான் இருக்கிறது, அவ்வளவு நன்றாகப் பேசுகிறது. அதற்காக அவர் மேல் இருக்கிற கோபம் குறைந்துவிடவில்லை. பில் கேட்டேன், இந்தத் தடவையும் "பில் புக்கு தீந்துபோச்சு" என்றார்.

நேற்று ராத்திரி ஒன்றாம் தந்தி, 'ப' என்கிற அந்தப் பஞ்சமம், பட்டென்று அறுந்துவிட்டது. நாளைக்கு ஞாயிறு, காலை ஏழு மணிக்கு வகுப்பு. ஆப்பில் பார்த்தேன், அதே தந்தி மூன்று பேர் மூன்று விலையில் விற்கிறார்கள். எது அசல் எது போலி என்று யாருக்குத் தெரியும், டி'அடாரியோ மாதிரி பெரிய தந்திக் கம்பெனியே பாக்கெட்டுக்குள் ஒரு எண் வைத்து, அசல்தானா என்று சரிபார்த்துக்கொள்ளச் சொல்கிற நிலைமை. அதுவும் 'நாளை இரவு 9 மணிக்குள்' வருமாம். இன்றைக்கு என்னவோ ஷட்டர் நாலரைக்கும் தூக்கவில்லை. கடை நம்பருக்கு நாலாவது தடவையாக அடித்துக்கொண்டிருக்கிறேன், மணி மட்டும் போகிறது.