ஈரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

இயற்கை எரிவாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரிக்க ஏற்ற உலோக-கரிமச் சட்டகத்தை, அதாவது உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகள் இணைக்கும் நுண்துளைப் பொருளை (எம்ஓஎஃப்), கணினியே தேர்ந்தெடுத்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிதான் சரி. 2012-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ராண்டால் ஸ்னரின் குழு 102 கட்டுமானத் துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்து 1,37,953 சட்டகங்களைக் கணினியில் உருவாக்கி, எதில் இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன் அதிகம் தங்கும் என்று சலித்தெடுத்தது. ஆய்வகத்தில் ஒரு வாழ்நாளிலும் முடியாத வேலை. எனக்கு இன்றும் வியப்புதான்.

ஆனால் பட்டியலில் முதலிடம் பிடித்தது ஆலையில் நிற்குமா? மெக்னீசியம் எம்ஓஎஃப்-74 என்ற சட்டகத்தைப் பாருங்கள். அதன் துளைச் சுவர்களில் மெக்னீசியம் அயனிகள் ஒரு பக்கம் திறந்தே இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடின் ஆக்சிஜன் முனை அங்கே ஒட்டிக்கொள்ளும். மீத்தேனுக்கு அந்த அளவு பிடிப்பு கிடையாது. உலர்ந்த வாயுவில் அபாரமாக வேலை செய்யும். கிணற்றிலிருந்து வரும் வாயுவிலோ நீராவி இருக்கிறதே! தண்ணீர் மூலக்கூறு இன்னும் வலுவாக அதே இடத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

பல சலித்தெடுப்புகள் சட்டகம் அசையாது, வாயு உலர்ந்தது என்று வைத்துக்கொண்டே எவ்வளவு வாயு தங்கும் என்று தற்செயல் எண்களால் மதிப்பிடும் மான்டி கார்லோ கணக்கைப் போடுகின்றன. எரிவாயுவோடு கலந்து வரக்கூடிய ஹைட்ரஜன் சல்பைடையும் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அப்புறம், இறுகப் பிடித்த வாயுவை வெளியேற்றவும் ஆற்றல் வேண்டும். அந்தச் செலவு கட்டுரையில் ஒரு வரிகூட வரவில்லை.

துத்தநாகத்தால் ஆன கால்ஃப்-20 என்ற சட்டகம் ஓரளவு ஈரத்திலும் கார்பன் டை ஆக்சைடையே விரும்பிப் பிடிக்கிறது. புகைபோக்கி வாயுவுக்காகத்தான் அதைச் சோதித்தார்கள் என்றாலும், இந்தக் கட்டுரையில் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும்.