ஏனா மூடப்பட்டது, ஆனால் சமூகப் பாதுகாப்புப் பள்ளி அது இல்லை

பிரான்சில் ஏனா (ENA) எனப்படும் தேசிய நிர்வாகப் பள்ளி மூடப்பட்டதோடு, சமூகப் பாதுகாப்பு நிறுவனங்களின் உயர் நிர்வாகிகளுக்கான பயிற்சியும் நின்றுவிட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். குழப்பம் எங்கே வந்தது என்று புரிகிறது, ஆனால் இவை இரண்டும் வேறு வேறு பள்ளிகள்.

ஏனா அரசு உயர் அதிகாரிகளுக்கானது. 2022 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் ஐஎன்எஸ்பி (INSP, தேசிய பொதுச் சேவை நிறுவனம்) என்ற நிறுவனம் இயங்குகிறது. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், குடும்ப உதவித்தொகை நிதியங்களுக்கு நிர்வாகிகளைத் தயார்செய்வது செந்த்-எத்தியேன் நகரில் உள்ள தேசிய சமூகப் பாதுகாப்பு உயர்கல்விப் பள்ளி. 1960-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அந்த நிதியங்களின் ஊழியர்களில் பெரும்பாலானோர் அரசு ஊழியர்களே இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

நீங்களே பார்க்கலாம். பிரெஞ்சு அரசின் லெஜிஃபிரான்ஸ் தளத்தில் ஏனாவின் இடத்தில் ஐஎன்எஸ்பியைக் கொண்டுவந்த, 2021 ஜூன் 2 தேதியிட்ட 2021-702 எண் அவசரச் சட்டத்தைத் திறங்கள். தலைப்பிலேயே 'அரசுப் பணியின் உயர் நிர்வாகம்' என்றுதான் இருக்கும். அப்புறம் சமூகப் பாதுகாப்புப் பள்ளியின் சொந்தத் தளத்தில் நுழைவுத் தேர்வுப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.