பேசியவர் பெயரை எழுதும் லீடர்

ஜூன், ஜூலை வந்தால் பள்ளிகளில் மாணவர் தேர்தல் நடந்த படங்கள் வரிசையாகக் கண்ணில் படும். செல்போனில் ஓட்டு மெஷின் மாதிரி ஒரு ஆப், விரலில் ஸ்கெட்ச் பேனா மை, ஒழுங்காக வரிசையில் நிற்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதற்காக மெனக்கெடும் ஆசிரியர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தேர்தலுக்கு மறுநாள் வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

ஜெயித்த பிள்ளைக்கு ஒரு பேட்ஜ் குத்துவார்கள். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போகும்போது அந்தப் பிள்ளையின் கையில் சாக்பீஸைக் கொடுத்து, "யாரு பேசினாலும் பேரு எழுதி வை" என்று சொல்லிவிட்டுப் போவார். போர்டின் ஓரத்தில் பெயர்கள் ஏறும். அதே பிள்ளை மறுபடி வாயைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்ட்டு, இன்னொரு இன்ட்டு. டீச்சர் வந்ததும் பெயர் உள்ளவர்கள் எழுந்து நிற்க வேண்டும். லீடருக்குப் பிடித்தவன் எவ்வளவு பேசினாலும் அவன் பெயர் வராது. வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு குழந்தை தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளுக்கு நாம் கொடுக்கும் வேலை இது. பேசியவரைக் காட்டிக் கொடுப்பது. நான் மாலையில் பாடம் சொல்லித் தரும் பிள்ளைகளிடம் லீடர் என்றால் யார் என்று கேட்டபோது நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்காமல் சொன்னான்: "நம்ம பேரு அவன் கைல இருக்கும்க்கா. அவன பகைச்சுக்கக் கூடாது." இந்த ஊரில் அதிகாரத்தைப் பற்றிப் பெரியவர்கள் தெரிந்து வைத்திருப்பதும் ஏறக்குறைய இதேதான். ஒன்பது வயதிலேயே அவனுக்கு அது வந்துவிட்டது, அதுவும் பள்ளியிலிருந்து.

வட சென்னையில், மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பக்கம்தான் அந்த மாலை வகுப்பு. பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கிறவர்கள். அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர், துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவர், கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் என்று வீடுகள். இந்தப் பிள்ளைகளுக்கு ஜனநாயகத்தை நாடாளுமன்றப் படத்தைக் காட்டித் தொடங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் முடிவுகள் இருக்கின்றன. அங்கிருந்து தொடங்கலாம்.

தடைக்காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு இது காலண்டரைப் பார்த்துத் தெரிவதில்லை. அப்பா வீட்டில் இருப்பார், கடனுக்கு ஆள் வரும், வீட்டில் சத்தம் கூடும். அப்படி ஒரு மே மாதத்தில் போர்டில் மூன்று கேள்விகளை எழுதினேன். இதை யார் முடிவு பண்ணினார்கள்? யாரைக் கேட்டு முடிவு பண்ணினார்கள்? பிடிக்கவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

முதல் கேள்விக்கு "போலீஸ்" என்றார்கள், "சாமி" என்றும் ஒரு குரல் வந்தது. அப்புறம் மீன் முட்டையிடும் காலம், அப்போது பிடித்துவிட்டால் அடுத்த வருஷம் மீன் இருக்காது, அதற்காக அரசாங்கம் போட்ட விதி என்று மெல்ல வந்து சேர்ந்தோம். 2017க்கு முன்னால் இது 45 நாளாகத்தான் இருந்தது என்று சொன்னேன். உடனே ஒரு பெண் கேட்டாள்: "அப்ப 45 நாள 61 ஆக்க முடியும்னா, மறுபடியும் மாத்தவும் முடியுமாக்கா?"

விதி என்பது மனிதர்கள் உட்கார்ந்து போட்டது, அதை மனிதர்களே மாற்றலாம் என்பது அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. அரசியல் சாசன முகவுரையை மனப்பாடம் செய்த பிள்ளைக்குக்கூட இது தெரியாமல் போகலாம். இரண்டாவது கேள்வியை வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். மீனவர் சங்கத்தில் பேசினார்கள் என்றார் ஓர் அப்பா. எங்களை யார் கேட்டா என்றார் ஓர் ஆயா. ஒரு பிள்ளை சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "எங்கம்மாவும்தான மீன் விக்குது. ஆனா சங்கத்துல ஆம்பளைங்கதான் பேசுவாங்களாம்." நான் சொல்லிக் கொடுக்காமலே, யாருடைய குரல் கணக்கில் வரவில்லை என்பதை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

குடவோலை முறையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். ஜனநாயகம் என்றதும் உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டியவை. ஓலைகளில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். பெருமை நியாயமானதுதான், ஆனால் பிள்ளைகளுக்கு முழுவதையும் சொல்லுங்கள். நிலமும் சொந்த வீடும் வேதப் படிப்பும் உள்ள, 35 முதல் 70 வயதுக்குள் இருக்கும் ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் இடம். அது ஒரு பிராமண ஊர்ச்சபை. பெண்கள் இல்லை, உழுதவர்கள் இல்லை. அதே கல்வெட்டில்தான், பதவியில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி நிற்க முடியாது என்ற விதியும் இருக்கிறது. இது எங்கள் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அந்தக் குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்தது யார் தெரியுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன். எதுவும் தெரியாதவன் என்பதாலேயே அவனை நிறுத்தினார்கள். 1,100 வருஷம் ஆகிவிட்டது. கலெக்டர் வரும் விழாவில் பூங்கொத்து கொடுக்க நாம் நிறுத்தும் குழந்தையின் நிலைமையும் பெரிதாக மாறிவிடவில்லை.

சரி, ஓட்டுக்கு வருகிறேன். ஓட்டு நடத்துவதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓட்டோடு நின்றுவிட்டால் பிள்ளைகள் தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள். எங்கள் பாட வகுப்புக்குப் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கேரம் போர்டு கொடுத்தார். ராயபுரம், காசிமேடு பக்கம் கேரம் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பாடம் முடிந்து அரை மணி நேரம் ஆடலாம். யார் ஆடுவது என்பதை நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று விட்டேன். பெரிய பையன்கள் "ஜெயிச்சவன் எந்திரிக்க வேணாம், தோத்தவன் எந்திரிக்கணும்" என்று முன்வைத்தார்கள். கையைத் தூக்கச் சொன்னார்கள். எண்ணினார்கள். பாஸ் ஆனது.

விதிப்படி நடந்தது, யாரும் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் அதன் பிறகு ஸ்ட்ரைக்கரைத் தொட்டது அந்த ஐந்தாறு பையன்கள்தான். பெண் பிள்ளைகளும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குட்டிகளும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சில நாள் கழித்து ஐந்தாம் வகுப்புப் பெண் என்னிடம் வந்து சொன்னாள்: "ஓட்டுப் போட்டா எப்பவும் நாங்கதான்க்கா தோப்போம். அவுங்க நெறைய பேரு."

இந்த நாட்டின் அரசியல் சாசனம் எழுதியவர்கள் எதை நினைத்து இரவெல்லாம் விழித்தார்களோ, அந்தக் கேள்வி இது. எண்ணிக்கையில் குறைவானவர்களுக்கு என்ன பாதுகாப்பு? எத்தனை பேர் கையைத் தூக்கினாலும் ஒருவரிடமிருந்து பறிக்க முடியாதவை என்று அடிப்படை உரிமைகளைத் தனியாக எழுதி வைத்தது இதற்காகத்தான். அதை அந்தக் கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்தே பேசினோம். இப்போது வாரத்தில் பாதி நாள் பையன்கள் சொன்ன விதி, மீதி நாள் பெயர் எழுதி வரிசைப்படி. ஆட்டம் தெரியாத சின்னப் பிள்ளைக்கு ஒரு பெரிய பிள்ளை ஜோடியாக உட்கார வேண்டும் என்பது அவர்களே சேர்த்தது. எல்லோருக்கும் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பையன்கள் கோபித்துக்கொண்டு வராமல் இருந்தார்கள். ஒருவன் திரும்பி வந்தான், இன்னொருவன் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது. ஆனாலும் அந்தப் பேச்சு நடந்தே ஆக வேண்டியது.

பெற்றோர் என்னிடம் சொல்லும் பயம் ஒன்று உண்டு. "பேசக் கத்துக் குடுக்காதம்மா, வாய் இருந்தா அடிதான் வுழும்" என்கிறார்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. வட சென்னைப் பையன் என்றாலே சினிமாவில் கையில் கத்தி கொடுக்கிறார்கள். பைக்கில் போனால் நிறுத்தி விசாரிக்கிறார்கள். தெற்கே ஒரு பெரிய பள்ளியில் பிள்ளை கேள்வி கேட்டால் ஸ்மார்ட் என்பார்கள், அதே கேள்வியை எங்கள் பிள்ளை கேட்டால் திமிர் என்பார்கள். அம்மாக்களின் பயம் அனுபவத்தில் வந்தது. அதனால்தான் பள்ளி முதலில் மாற வேண்டும் என்கிறேன். கேட்டால் அடி விழாத ஓர் இடத்தையாவது, பிள்ளை சின்ன வயதில் பார்த்திருக்க வேண்டும். வகுப்பில் அடிப்பதும் மனதை நோகடிப்பதும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படியே தடை செய்யப்பட்டவை.

இதே மண்ணில் கேட்டு வாங்கியவை எவ்வளவோ. 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது இங்கேதான். பழைய வண்ணாரப்பேட்டையில் பெயர் சொல்லும் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி மன்றம்தான் 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போடத் தீர்மானம் போட்டது. தட்டில் விழும் சோறு ஒரு மன்றத்தில் பேசி முடிவெடுத்து வந்தது என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அதே மாநகராட்சிக்கு 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்தல் இல்லை, கவுன்சிலர் இல்லை. 2016இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தன் தெருவுக்கு ஒரு பிரதிநிதி உண்டு என்பதைப் பார்க்காமலே ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டது. தெருவில் கழிவுநீர் நின்றால் யாரைக் கேட்பது என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? 2022இல் 200 வார்டுக்கும் தேர்தல் நடந்து, முப்பது வயதுகூட ஆகாத ஆர். பிரியா திரு.வி.க. நகர் பகுதியிலிருந்து போய் மேயர் ஆனார், சென்னையின் முதல் தலித் பெண் மேயர். எந்தக் கட்சி என்பதை விடுங்கள். நம் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு அந்தப் படத்தைக் காட்டத்தான் வேண்டும். காட்டிவிட்டு, அவருக்குக் கடிதம் எழுதவும் சொல்லித் தர வேண்டும்.

2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பெரிய தொழிற்சாலைகள் வருமுன் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்த, மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. அந்தக் காற்றை இனி அதிக காலம் சுவாசிக்கப் போவது ஏழு வயதுப் பிள்ளை. அந்தக் கருத்துக்கேட்புப் பந்தலில் அதற்கு நாற்காலி இல்லை. குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது.

பள்ளி அளவில் இதைச் செய்ய எந்தப் புதுச் சட்டமும் வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதாவது தெருவில் என்னோடு தண்ணீர் லாரிக்கு நிற்கும் அம்மாக்கள். பல இடங்களில் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். மாதக் கூட்டத்தில் முதல் பத்து நிமிஷத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். வகுப்பு லீடர் வந்து தன் வகுப்பின் கேள்வியைச் சொல்லட்டும். அது கூட்ட நோட்டில் ஏறட்டும், யார் எந்தத் தேதிக்குள் பதில் சொல்வார்கள் என்பதும் ஏறட்டும். முடியாது என்பதுகூடப் பதில்தான், ஆனால் ஏன் முடியாது என்று அந்த வகுப்புக்கே போய்ச் சொல்ல வேண்டும். புகார்ப் பெட்டி வைத்துவிட்டுத் திறக்காமல் விடுவதைவிடப் பெட்டி வைக்காமலே இருக்கலாம். கேட்டும் பதில் வராத பிள்ளை, அடுத்த தடவை கேட்காது.

ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே என்ற கேள்வி வரும். உண்மைதான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், அதிலும் வாக்காளர் பட்டியல் வேலை என்று அலைகிறார்கள். அதனால்தான் பெற்றோர் முன்னால் வர வேண்டும் என்று கேட்கிறேன்.

நானும் ஒரு பள்ளியில் பெற்றோர் உறுப்பினர்தான். இந்த மாதக் கூட்டத்துக்குப் பிள்ளைகள் இரண்டு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் எப்போது போடுவீர்கள்? விளையாட்டு பீரியடில் ஏன் பாடம் நடத்துகிறீர்கள்? எழுதிய பிள்ளைகளையே உள்ளே விடச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். விடவில்லை என்றால் அந்தத் தாளை நான் வாசிப்பேன். என்ன பதில் வந்தாலும் வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டு, இங்கேயும் எழுதுகிறேன்.