பட்டியலில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

சிங்கப்பூர் உணவகங்களில் எனக்கு எரிச்சல் மூட்டுவது சாப்பாடு அல்ல, விலைக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த இரண்டு கூட்டல் குறிகள்தான். மீன் தலைக் கறி 30 வெள்ளி என்று போட்டிருக்கும். முதலில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 33 ஆகிவிடும். அதன் மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. கடைசியில் 35.97. கவனியுங்கள், சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்துத்தான் வரி!

மற்ற கடைகள் வரியைச் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விதிவிலக்கு. ஏன் இந்தச் சலுகை? சரி, சேவையாவது இருக்கிறதா என்றால், பல இடங்களில் கியூஆர் குறியை ஸ்கேன் செய்து ஆர்டர் கொடுப்பதும் நாம்தான், தண்ணீர் எடுத்து வருவதும் நாம்தான். அப்புறம், கேட்காமலே மேசையில் வைக்கும் வேர்க்கடலைக்கும் ஈர டிஷ்யூவுக்கும் தனிக் காசு. (வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் அதற்குள் பிள்ளைகள் பிரித்துவிடுவார்கள்.)

தேக்கா உணவங்காடியில் பிரியாணிக்கு எழுதியிருக்கும் விலையை நீட்டினால் கணக்கு முடிந்தது. உணவகங்களும் கடைசித் தொகையையே பட்டியலில் போடட்டும். குடும்பத்தோடு போகும்போது கையில் இருப்பதைப் பார்த்துத்தானே ஆர்டர் கொடுக்கிறோம்?